நுண்ணலை காட்டும் கணுக்கள்

மீக்கடத்தியின் மின்தடை சுழி என்ற கூற்று நேர்மின்னோட்டத்துக்கு மட்டுமே முழுமையாகப் பொருந்தும். நொடிக்கு நூறு கோடி முறை திசை மாறும் மின்னோட்டத்தை அதே பொருளில் செலுத்தினால் சிறியதோர் இழப்பு தென்படும். ஏறத்தாழ ஒரு கிகாஹெர்ட்ஸிலிருந்து நூறு கிகாஹெர்ட்ஸ் வரை நீளும் இந்த அதிர்வெண் பரப்பே நுண்ணலை எனப்படுவது. கைபேசியும் மைக்ரோவேவ் அடுப்பும் இயங்குவது இதில்தான். மீக்கடத்திக்குள் எலக்ட்ரான்கள் எப்படி இணை சேர்ந்திருக்கின்றன என்பது திண்மப் பொருள் இயற்பியலின் பெருங்கேள்விகளுள் ஒன்று. வழக்கமான கோட்பாட்டுக்கு அடங்காத மீக்கடத்திகளைப் பொறுத்தவரை, அந்தக் கேள்விக்குக் கிடைத்த உறுதியான விடைகளில் சில, இந்தச் சிறு இழப்பையும் அதனுடன் பிறக்கும் இன்னோர் அளவையும் பல ஆண்டுகள் பொறுமையாக அளந்ததால் வந்தவை.

இழப்பு எதனால்? மீக்கடத்தியில் இரண்டு வகை எலக்ட்ரான்கள் உள்ளன. இணை சேர்ந்தவை தடையின்றி ஓடுகின்றன. வெப்பத்தால் இணை முறிந்தவை சாதாரண உலோகத்தின் எலக்ட்ரான்களைப் போல மோதி, ஆற்றலை இழக்கின்றன. இவற்றைக் குவாசித்துகள்கள் என்பர். மின்னோட்டம் ஒரே திசையில் சீராகப் பாயும்போது முழுப் பொறுப்பையும் இணைகளே ஏற்றுக்கொள்ளும். பொருளுக்குள் மின்புலமே இராது, குவாசித்துகள்களுக்கு வேலையும் இராது. ஆனால் இணைகளுக்கும் நிறை உண்டு, ஆகவே நிலைமமும் உண்டு. அவற்றைக் கணத்துக்குக் கணம் திருப்ப ஒரு மின்புலம் தேவைப்படுகிறது. அந்த மின்புலம் குவாசித்துகள்களையும் தள்ளும். அவை தள்ளப்பட்டு மோதும்போது எழும் வெப்பமே இழப்பு.

ஆக, நுண்ணலையை மீக்கடத்தியின் மேற்பரப்பில் விழச் செய்தால் இரண்டு செய்திகள் ஒருசேரக் கிடைக்கும். மேற்பரப்பு மின்தடை, குவாசித்துகள்கள் எத்தனை, அவை எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை மோதுகின்றன என்பதைச் சொல்லும். மேற்பரப்பு மின்மறுப்பு, இணைகளின் நிலைமத்தை, அதாவது இணைகளின் அடர்த்தியைச் சொல்லும். இரண்டாவதை இயற்பியலாளர் ஊடுருவு ஆழம் என்ற நீளமாக மாற்றி எழுதுவது வழக்கம். காந்தப்புலம் மீக்கடத்திக்குள் எவ்வளவு தூரம் நுழைந்து மறைகிறது என்பதே இந்த நீளம். 1935இல் ஃபிரிட்ஸ் லண்டன், ஹைன்ஸ் லண்டன் என்ற சகோதரர்கள் வகுத்த சமன்பாட்டிலிருந்து இது வந்தது. இணைகள் மிகுந்தால் ஆழம் குறையும். இணைகள் குறைந்தால் ஆழம் கூடும். ஆழத்தின் இருபடியைத் தலைகீழாக்கினால் வருவது மீப்பாய்ம அடர்த்தி. உயர்வெப்ப மீக்கடத்திகளில் ஊடுருவு ஆழம் நூறு முதல் சில நூறு நானோமீட்டர் அளவில் இருக்கும்.

சகோதரர்களில் இளையவரான ஹைன்ஸ் லண்டனே 1940இல் வெள்ளீயத்தில் ஏறத்தாழ 1.5 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இழப்பை அளந்து, மீக்கடத்தும் நிலையிலும் அது சுழியாவதில்லை என்று காட்டினார். போர்க்காலத்தில் ரேடார் ஆய்வில் ஈடுபட்டிருந்த பிரையன் பிப்பார்டு, போர் முடிந்தபின் அந்த நுட்பத்தைக் கேம்பிரிட்ஜின் தாழ்வெப்ப ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தார். வெள்ளீயத்தில் சிறிதளவு இண்டியத்தைக் கலந்தால் மீக்கடத்து வெப்பநிலை ஏறக்குறைய மாறாமலே இருக்க, ஊடுருவு ஆழம் மட்டும் கணிசமாகக் கூடுவதை அவர் கண்டார். மீக்கடத்தும் எலக்ட்ரான்கள் ஒன்றுக்கொன்று நெடுந்தொலைவு தொடர்பு வைத்திருக்கின்றன என்று 1953இல் அவர் முடிவு செய்தது இதிலிருந்துதான். எலக்ட்ரான்கள் இணை சேர்கின்றன என்ற கோட்பாடு பிறக்க அப்போது இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன. ஒரு நுண்ணலை அளவீடு கோட்பாட்டுக்கு முன்னே நடந்த இந்த நிகழ்வு அதற்குரிய புகழைப் பெறவில்லை.

1957இல் ஜான் பார்டீன், லியோன் கூப்பர், ராபர்ட் ஷ்ரீஃபர் மூவரும் தந்த கோட்பாட்டின்படி, படிக அணிக்கோவையின் அதிர்வுகளே எலக்ட்ரான்களைப் பிணைக்கும் பசை. ஓர் இணையை முறிக்கக் குறைந்தபட்சம் இவ்வளவு ஆற்றல் வேண்டும் என்ற வாசல் ஒன்று இருக்கிறது. அது ஆற்றல் இடைவெளி. எலக்ட்ரான் எந்தத் திசையில் ஓடினாலும் இந்த இடைவெளி ஏறக்குறைய ஒன்றே. இவ்வகை இணைப்பு எஸ்-அலை எனப்படும். இதன் விளைவு கறாரானது. வெப்பநிலை குறையக் குறையக் குவாசித்துகள்கள் அடுக்குக்குறி விதிப்படி அற்றுப்போகும். மீக்கடத்து வெப்பநிலையின் பத்தில் ஒரு பங்குக்குக் குளிர்வித்தால், மின்னோட்டத்தில் குவாசித்துகள்களின் பங்கு கோடியில் இரண்டு மூன்று பாகமாகச் சுருங்கிவிடும். ஊடுருவு ஆழத்தின் வரைபடம் அதற்கு வெகு முன்பே, மீக்கடத்து வெப்பநிலையின் மூன்றில் ஒரு பங்கிலேயே, தட்டையாகிவிடும். அலுமினியத்தில் இடைவெளி மிகச் சிறியது. சுமார் 80 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலையே இணையை முறித்துவிடும். இந்த வாய்ப்பைப் பயன்படுத்தி 1950களின் இறுதியில் அமெரிக்காவில் பியோண்டியும் கார்ஃபுங்கலும் அலுமினியத்தில் அலை உறிஞ்சப்படுவது அந்த வாசலில் சட்டென உயர்வதை அளந்து காட்டினர்.

இணைப்பு எப்போதும் எஸ்-அலையாகத்தான் இருக்க வேண்டும் என்று இயற்கையில் விதி எதுவும் இல்லை. 1972இல் ஹீலியம்-3 திரவத்தில் கண்ட மீப்பாய்மத்தில் அணுக்கள் கோண உந்தத்துடன், ஒன்றையொன்று சுற்றிவரும் வகையில் இணை சேர்ந்திருந்தன. 1979இல் சீரியம்-தாமிரம்-சிலிக்கான் சேர்மம் ஒன்றில், காந்தத் தன்மையுள்ள அணுக்களுக்கு நடுவே, ஃபிராங்க் ஸ்டெக்லிஷ் குழுவினர் மீக்கடத்தலைக் கண்டனர். காந்தம் மீக்கடத்தலைக் கொல்லும் என்று அதுவரை எல்லோரும் நம்பியிருந்தனர். பிறகு 1986இல் ஜூரிச் ஐ.பி.எம். ஆய்வகத்தில் பெட்னோர்ஸும் முல்லரும் தாமிர ஆக்சைடுகளில் மீக்கடத்தலைக் கண்டார்கள். மறு ஆண்டே இட்ரியம்-பேரியம்-தாமிர ஆக்சைடு வந்தது. ஆய்வகப் பேச்சில் ஒய்.பி.சி.ஓ. எனப்படும் இப்பொருள் 93 கெல்வின் வரை மீக்கடத்துகிறது. மலிவான திரவ நைட்ரஜனே அதைக் குளிர்விக்கப் போதும்.

அணிக்கோவை அதிர்வுகளால் மட்டும் இவ்வளவு உயர் வெப்பநிலையை விளக்க முடியுமா என்ற ஐயம் உடனே எழுந்தது. தாமிர ஆக்சைடுத் தளங்களில் எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று கடுமையாக விலக்குகின்றன. அப்படி விலக்கும் இரு எலக்ட்ரான்கள் இணை சேர வேண்டுமானால், ஒரே இடத்தில் சந்திக்காதபடி சேர்வதே நல்லது. கோண உந்தம் கொண்ட டி-அலை இணைப்பு அதற்கு இடம் தருகிறது. காந்த ஏற்ற இறக்கங்களையே பசையாகக் கொண்ட கோட்பாடுகள் டி-அலையை முன்மொழிந்தன. பிலிப் ஆண்டர்சனும், அவருடன் 1987இல் பணியாற்றிய, சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் ஜி. பாஸ்கரனும் வளர்த்தெடுத்த வேறொரு வழி, எலக்ட்ரான்களின் வலிய விலக்கத்திலிருந்தே இணைப்பைப் பெற முயன்றது. அந்தக் கோட்பாட்டுக் குடும்பமும் விரைவில் டி-அலைப் பக்கம் வந்து சேர்ந்தது.

டி-அலை இணைப்பில் ஆற்றல் இடைவெளி திசைக்குத் திசை மாறும். தாமிர-ஆக்சிஜன் பிணைப்புகளின் திசையில் அது உச்சம். அவற்றுக்கு 45 பாகை சாய்ந்த நான்கு மூலைவிட்டத் திசைகளில் அது சுழி. சுழியாகும் அந்த இடங்களே கணுக்கள். ஒரு கணுவின் இருபுறமும் இடைவெளியின் குறி மாறும்: ஒரு பக்கம் நேர், மறுபக்கம் எதிர். கணுத் திசையில் ஓடும் எலக்ட்ரானுக்கு இணை முறிய எந்த வாசலும் இல்லை. எவ்வளவு சிறிய வெப்பமும் அதை விடுவித்துவிடும். கணுவின் அருகே கிடைக்கும் நிலைகளின் எண்ணிக்கை ஆற்றலுக்கு நேர்விகிதத்தில் பெருகுவதால், குவாசித்துகள்களின் எண்ணிக்கை வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் பெருகும். ஆகவே ஊடுருவு ஆழமும் நேர்கோட்டில் ஏறும். எஸ்-அலைப் பொருளில் கோடியில் இரண்டு மூன்றாக இருந்த அதே பங்கு, மீக்கடத்து வெப்பநிலையின் பத்தில் ஒரு பங்கில், இங்கே நூற்றுக்கு ஐந்தாறு. தாழ்வெப்பநிலையில் வரைபடம் தட்டையா, சாய்கோடா? கேள்வி இவ்வளவு எளிதாகச் சுருங்கிவிட்டது. அளவீடுதான் எளிதாக இல்லை.

நுண்ணலை இங்கே பொருத்தமான கருவியானதற்கு அதன் மென்மையே காரணம். ஒரு கிகாஹெர்ட்ஸ் ஃபோட்டானின் ஆற்றல் சுமார் 4 மைக்ரோ எலக்ட்ரான்வோல்ட். அதை வெப்பநிலையாகச் சொன்னால் ஒரு கெல்வினில் இருபதில் ஒரு பங்கு. ஒய்.பி.சி.ஓ.வின் ஆற்றல் இடைவெளி 20 மில்லி எலக்ட்ரான்வோல்ட் அளவில் இருப்பதால், இந்த ஃபோட்டான் இணைகளைத் தொந்தரவு செய்வதில்லை. வெப்பம் ஏற்கெனவே விடுவித்த குவாசித்துகள்களை மட்டும் அசைத்துப் பார்க்கிறது. தவிர, மில்லிமீட்டர் அகலமே உள்ள ஒரு படிகத் துண்டு போதும். அதற்குக் கம்பி இணைக்கவும் வேண்டாம்.

அளவீட்டின் இதயம் ஒத்ததிர்வி: நுண்ணலை உள்ளே நின்று அதிரும் ஓர் உலோகக் குழி, அல்லது பிளவுபட்ட ஓர் உலோக வளையம். ஜலதரங்கக் கிண்ணத்தில் சிறிது நீர் கூடினாலும் சுருதி இறங்கும். தேர்ந்த செவி அந்த இறக்கத்தைக் கொண்டே நீரின் அளவைச் சொல்லிவிடும். ஒத்ததிர்விக்குள் வைத்த மீக்கடத்தியில் காந்தப்புலம் சற்று ஆழமாக நுழைந்தால், புலத்துக்குக் கிடைக்கும் இடம் அந்த அளவுக்குக் கூடி, ஒத்ததிர்வு அதிர்வெண் சற்றே இறங்கும். அந்த இறக்கமே ஊடுருவு ஆழத்தின் மாற்றம். ஒத்ததிர்வு எவ்வளவு விரைவாக அடங்குகிறது என்பதோ இழப்பைத் தரும். இதைத் தரக்காரணி என்ற எண்ணால் குறிப்பர். தரக்காரணி பத்து லட்சமாக இருந்தால் ஒரு கிகாஹெர்ட்ஸ் ஒத்ததிர்வின் அகலம் ஒரு கிலோஹெர்ட்ஸ் மட்டுமே. அப்படிக் கூர்மையான ஒத்ததிர்வில் நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு ஆழ மாற்றமும் தப்பாது. சாதாரணத் தாமிரச் சுவரால் இந்தக் கூர்மை கிடைக்காது. அதனால் ஒத்ததிர்வியின் சுவருக்கே காரீயம்-வெள்ளீயம் போன்ற வழக்கமான மீக்கடத்தியைப் பூசுவர். அல்லது அதை நியோபியத்தால் செய்வர்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. படிகத்தின் வெப்பநிலையை 1 கெல்வினிலிருந்து 100 கெல்வின் வரை ஏற்ற வேண்டும். ஆனால் ஒத்ததிர்வி சூடானால் அதன் அளவே மாறும், சுவரின் மீக்கடத்தலும் போய்விடும். படிகத்தின் குரல் அந்த மாற்றத்தில் அமிழ்ந்துவிடும். 1988இல் அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்திலும் கார்னெல் பல்கலைக்கழகத்திலும் இதற்கு அழகான தீர்வு கண்டார்கள். மெல்லிய நீலக்கல் தண்டின் நுனியில் படிகத்தைத் துளி கிரீஸால் ஒட்டி, வெற்றிடத்தினூடே சுவரைத் தொடாமல் ஒத்ததிர்விக்குள் நுழைப்பது. நீலக்கல் வெப்பத்தை நன்கு கடத்தும், நுண்ணலையை ஏறக்குறைய உறிஞ்சாது. சூடேற்றியும் வெப்பநிலைமானியும் தண்டின் மறுமுனையில், ஒத்ததிர்விக்கு வெளியே. படிகம் சூடாகும், ஒத்ததிர்வி திரவ ஹீலியத்தின் குளிரிலேயே அசையாமல் இருக்கும். ஒரு குறையை மட்டும் இந்த முறை தீர்க்கவில்லை: அது ஆழத்தின் மாற்றத்தைத் தருமே தவிர ஆழத்தின் முழு அளவைத் தராது. அதை மியூவான் சுழற்சி போன்ற வேறு முறைகளிலிருந்து பெற வேண்டும்.

கருவி இருந்தும் 1980களின் இறுதியில் விடைகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. சில அளவீடுகளில் வரைபடம் தட்டையாக இருந்தது. எஸ்-அலை என்று எழுதினார்கள். மென்படலங்களில் ஆழம் வெப்பநிலையின் இருபடியாக ஏறியது. அது எதனோடும் பொருந்தவில்லை. கோளாறு கருவியில் இல்லை, பொருளில் இருந்தது.

கனடாவின் வான்கூவர் நகரில் உள்ள பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வால்டர் ஹார்டி, டக் பான் ஆகியோரின் குழு இந்த முடிச்சை அவிழ்த்தது. அக்குழுவின் பலம் அளவீட்டாளர்கள் மட்டுமல்லர். படிகம் வளர்த்த ரூய்ஷிங் லியாங்கும்தான். தாமிர ஆக்சைடுகளின் உருகிய கலவை மூசையையே அரித்துத் தின்னும். மூசையின் அணுக்கள் படிகத்தில் மாசாகக் கலந்துவிடும். எந்த மூசை, எவ்வளவு மெதுவான குளிர்விப்பு, ஆக்சிஜனை எந்த வெப்பநிலையில் எத்தனை நாள் ஊட்டுவது என்ற சமையல் நுணுக்கங்களில்தான் விடை ஒளிந்திருந்தது. 1993இல் இக்குழு ஏறத்தாழ ஒரு கிகாஹெர்ட்ஸில் இயங்கும் பிளவு வளைய ஒத்ததிர்வியில் தன் படிகத்தை வைத்து, 1.3 கெல்வினிலிருந்து மேல்நோக்கி அளந்தது. சுமார் 3 கெல்வினிலிருந்து 25 கெல்வின் வரை ஊடுருவு ஆழம் நேர்கோட்டில் ஏறியது: கெல்வினுக்கு 0.43 நானோமீட்டர். இரண்டு அணுக்களை அடுக்கிவைத்த உயரம்தான் அது.

அந்தச் சாய்விலிருந்தே ஆற்றல் இடைவெளியின் உச்ச அளவையும் மதிப்பிடலாம். முழு ஆழம் 140 நானோமீட்டர் எனக் கொண்டால் இடைவெளி ஏறத்தாழ 225 கெல்வினுக்குச் சமம், அதாவது மீக்கடத்து வெப்பநிலையைப் போல் சுமார் இரண்டரை மடங்கு. டி-அலைக் கோட்பாடு எதிர்பார்ப்பதும் இதன் அருகில்தான். ஒற்றைக் கோட்டின் சாய்வு இவ்வளவு சொல்வது இத்துறையில் அரிது.

அப்படியானால் மென்படலங்களின் இருபடி விதி? பீட்டர் ஹிர்ஷ்ஃபெல்டும் நைஜல் கோல்டன்ஃபெல்டும் அதே 1993இல் விளக்கினார்கள். எஸ்-அலை இணைகளுக்குக் காந்தமில்லாத மாசு பெரிதாகத் தீங்கு செய்வதில்லை. டி-அலை இணைகளோ குறி மாறும் தன்மையால் மாசைத் தாங்கமாட்டா. மாசணு ஒரு குவாசித்துகளை நேர்ப்பகுதியிலிருந்து எதிர்ப்பகுதிக்குச் சிதறடித்தால் இணைப்பு முறிகிறது. கணுக்களின் அருகே மாசு புதிய நிலைகளைக் கூட்டிவைப்பதால், மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் நேர்கோடு வளைந்து இருபடியாகிவிடும். வான்கூவர் குழு இதை நேரடியாகவே சோதித்தது. ஆயிரம் தாமிர அணுக்களில் மூன்றை மட்டும் துத்தநாக அணுக்களாக மாற்றியதும் நேர்கோடு இருபடி வளைவாக மாறியது. நிக்கல் அணுக்களுக்கோ அந்த விளைவு அவ்வளவாக இல்லை. ஆயிரத்தில் மூன்று அணு ஒரு பொருளின் இயல்பையே மறைக்க முடியும் என்று தெரிந்தபின், படிகத்தின் தூய்மையைச் சொல்லாத அளவீட்டை யாரும் பொருட்படுத்தவில்லை. 1990களின் பிற்பகுதியில் பேரியம் ஸிர்கோனேட் மூசைகளில் வளர்த்த படிகங்களின் தூய்மை 99.99 விழுக்காட்டையும் தாண்டியது.

மேற்பரப்பு மின்தடை சொன்ன கதை இதைவிட வியப்பானது. வெப்பநிலை குறையும்போது குவாசித்துகள்கள் குறைகின்றன. ஆகவே அவற்றின் கடத்துதிறனும் குறைய வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. ஒய்.பி.சி.ஓ.வில் மீக்கடத்து வெப்பநிலைக்குக் கீழே கடத்துதிறன் ஏறி, படிகத்தையும் அதிர்வெண்ணையும் பொறுத்து 25 முதல் 40 கெல்வினுக்குள் பெரிய உச்சத்தைத் தொட்டு, பிறகே இறங்கியது. குவாசித்துகள்கள் குறைவதைவிட வேகமாக அவற்றின் மோதல் குறைந்தால்தான் இப்படி நடக்க முடியும். துத்தநாகம் கலந்த படிகங்களில் உச்சம் அடங்கியது; உச்சத்துக்குக் காரணம் மோதலற்ற நீண்ட ஓட்டமே என்பதை அது உறுதிப்படுத்தியது. 1999இல் 1.1 முதல் 75 கிகாஹெர்ட்ஸ் வரை ஐந்து அதிர்வெண்களில் அளந்தபோது, மோதல் வீதம் நூறு மடங்குக்கு மேல் சரிவதும், குவாசித்துகள் ஒன்று மோதாமல் மைக்ரோமீட்டர் கணக்கில் ஓடுவதும் தெரிந்தன. எலக்ட்ரான்களைச் சிதறடித்தவை படிக அதிர்வுகளாக இருந்திருந்தால், இணை சேர்ந்ததும் அவை இப்படி மறைந்திருக்க முடியாது. சிதறடித்தவை எலக்ட்ரான்களேதான், அவை இணை சேர்ந்ததும் சிதறலும் ஓய்ந்தது. பசை எது என்ற கேள்விக்கு நுண்ணலை தந்த மறைமுகச் சாட்சி இது. நேர்கோட்டுக்குக் கிடைத்த புகழ் இதற்கும் கிடைத்திருக்க வேண்டும்.

நுண்ணலையால் சொல்ல முடியாததும் ஒன்று உண்டு. அது இடைவெளியின் அளவைக் காணும், குறியைக் காணாது. கணு இருப்பதைக் காட்டும். கணுவைத் தாண்டினால் நேர், எதிராகிறதா என்று காட்டாது. அந்தக் குறியை 1993இல் இலினாய் பல்கலைக்கழகத்தில் வான் ஹார்லிங்கன் குழுவும், 1994இல் ஐ.பி.எம். ஆய்வகத்தில் சூயேய், கிர்ட்லி குழுவும் வேறு வழியில் நிறுவின. மூன்று படிகங்கள் சந்திக்கும் இடத்தில் அமைத்த வளையத்தில் காந்தப் பாயத்தின் குவாண்டம் அலகில் சரிபாதி தானாகவே சிக்கியிருந்ததை இரண்டாவது குழு படமெடுத்தது. டி-அலைக்கு எதிரான வாதங்கள் அத்துடன் வலுவிழந்தன.

ஆனால் ஒரு பொருள் இன்னும் அடம்பிடித்தது. தாமிர ஆக்சைடுகளில் பெரும்பாலானவை எலக்ட்ரான்களை அகற்றி மீக்கடத்தச் செய்தவை; நியோடிமியம்-சீரியம்-தாமிர ஆக்சைடோ எலக்ட்ரான்களைச் சேர்த்து ஆக்கியது. 1990களின் தொடக்கத்தில் அதன் நுண்ணலை வரைபடம் தட்டையாக, எஸ்-அலைக்கு மிகப் பொருத்தமாக இருந்தது. ஒரே குடும்பத்தில் இரண்டு வகை இணைப்பா என்ற குழப்பம் பல ஆண்டுகள் நீடித்தது. 1996இல் கேம்பிரிட்ஜின் ஜே. ஆர். கூப்பர் அதன் காரணத்தைச் சுட்டினார். நியோடிமியம் அயனிகள் சிறு காந்தங்கள். குளிரக் குளிர அவை வலுப்பெற்று, அளக்கப்படும் ஆழத்தை மேலே தூக்குகின்றன. ஆழம் இறங்க வேண்டிய இடத்தில் இந்தத் தூக்கல் சேர்ந்து இரண்டும் ஈடாகி, வரைபடம் தட்டையாகத் தோன்றியது. நியோடிமியத்துக்குப் பதிலாகக் காந்தத் தன்மை குறைந்த பிரேசியோடிமியத்தை வைத்து 2000இல் இரண்டு குழுக்கள் அளந்தபோது மாசுள்ள டி-அலைக்குரிய இருபடி விதியே வந்தது. அதே ஆண்டில் குறிச் சோதனையும் டி-அலை என்றது. கோட்பாட்டோடு அருமையாகப் பொருந்துகிறது என்பது ஓர் அளவீடு சரி என்பதற்குச் சான்றாகாது என்பதற்கு இத்துறையில் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

தாமிர ஆக்சைடுகளில் கற்ற பாடம் வேறு பொருள்களுக்கும் சென்றது. 2.3 கெல்வினில் மீக்கடத்தும் சீரியம்-கோபால்ட்-இண்டியம் சேர்மத்தில் ஆழம் நேர்கோட்டிலும் ஏறவில்லை, இருபடியாகவும் ஏறவில்லை. இரண்டுக்கும் நடுவே நின்றது. 2013இல் கனடாவின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் டேவிட் பிரவுன் குழு பல அதிர்வெண்களில் அளந்து, வெப்பநிலையோடு மாறும் எலக்ட்ரான் நிறையின் பங்கைப் பிரித்தெடுத்தபோது, அடியில் தூய நேர்கோடு தெரிந்தது. கடத்துதிறனின் உச்சமும் ஒய்.பி.சி.ஓ.வில் கண்டதைப் போலவே இருந்தது. மீக்கடத்து வெப்பநிலையில் நாற்பது மடங்கு வேறுபடும் இரண்டு பொருள்களில் ஒரே நடத்தை.

2008இல் வந்த இரும்பு ஆர்சனைடுகளில் நிலைமை வேறு. கியோட்டோ பல்கலைக்கழகத்தில் ஷிபவுச்சி, மட்சுடா குழுவினர் பிரேசியோடிமியம்-இரும்பு-ஆர்சனிக் ஆக்சைடுப் படிகங்களில் அளந்தபோது தட்டையான வரைபடம் வந்தது, கணுக்கள் இல்லை. அடுத்த ஆண்டே ஆர்சனிக்கின் ஒரு பகுதியைப் பாஸ்பரஸாக மாற்றிய பேரியம் சேர்மத்தில் நேர்கோடு வந்தது, கணுக்கள் உண்டு. இங்கே கணுக்கள் படிகத்தின் சமச்சீரால் கட்டாயமானவை அல்ல. வேதிச் சேர்க்கை சற்று மாறினால் தோன்றும் அல்லது மறையும் என்று பெரும்பாலோர் கருதுகின்றனர்.

பிரவுனும் வான்கூவர் குழுவினரும் 2007இல் வெளியிட்ட ஒரு முடிவையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஆக்சிஜன் மிகக் குறைந்த ஒய்.பி.சி.ஓ. படிகத்தை அறை வெப்பநிலையில் வைத்திருந்தால் அதிலுள்ள ஆக்சிஜன் அணுக்கள் மெல்ல வரிசைக்கு வரும்; மீக்கடத்து வெப்பநிலை தானே ஏறும். இப்படி 3 கெல்வினிலிருந்து 17 கெல்வின் வரை 37 நிலைகளில், 2.64 கிகாஹெர்ட்ஸில் அளவெடுத்தார்கள். மீக்கடத்து வெப்பநிலை மீப்பாய்ம அடர்த்தியின் இருபடி மூலத்துக்கு விகிதமாக மாறியது. இரண்டும் நேர்விகிதம் என்று அதுவரை பலர் நம்பியிருந்த விதி, மீக்கடத்தல் அற்றுப்போகும் விளிம்பில் பொய்த்தது.

கடைசியாக, ஓர் அணுத் தடிமன் உள்ள பொருள்கள். இரண்டு கிராஃபீன் தாள்களைச் சுமார் 1.1 பாகை முறுக்கி அடுக்கினால் ஒரு கெல்வின் அளவில் மீக்கடத்தல் தோன்றும் என்று 2018இல் எம்.ஐ.டி.யில் பாப்லோ ஹரியோ-எரேரோ குழு கண்டது. சில மைக்ரோமீட்டர் அகலமே உள்ள அந்தத் துணுக்கைக் குழிக்குள் வைத்து அளக்க வழியில்லை. காந்தப்புலத்தை விலக்கும் அளவுக்கு அதில் பருமனே கிடையாது. குவாண்டம் கணினிக்காக உருவான நுண்ணலைச் சுற்றுகள் இங்கே கைகொடுத்தன. சில்லின் மேல் வரைந்த மீக்கடத்து ஒத்ததிர்வியின் முனையில் கிராஃபீனையே சுற்றின் ஓர் உறுப்பாக இணைத்தார்கள். இணைகளின் நிலைமம் சுற்றில் ஒரு மின்தூண்டியாகச் சேர்ந்து அதிர்வெண்ணை மாற்றும். அந்த மாற்றத்திலிருந்து, மீப்பாய்ம அடர்த்திக்கு நிகரான மீப்பாய்ம விறைப்பைக் கணக்கிடலாம்.

2025 பிப்ரவரியில் இத்தகைய இரண்டு ஆய்வுகள் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தன. இரண்டு தாள் கிராஃபீனில் விறைப்பு வழக்கமான கணக்கைவிட ஏறத்தாழ பத்து மடங்கு மிகுந்திருந்தது என்று எம்.ஐ.டி. குழு எழுதியது, எலக்ட்ரான் அலைகளின் வடிவியல் அந்த மிகுதிக்குக் காரணமாக இருக்கலாம் என்பது அவர்களின் விளக்கம். மூன்று தாள் கிராஃபீனை அளந்த ஹார்வர்டின் ஃபிலிப் கிம் குழு, வெப்பநிலை ஏற ஏற, தாழ்வெப்பநிலையில் விறைப்பு நேர்கோட்டில் குறைவதைக் கண்டது; அது கணுக்களின் அடையாளம். எலக்ட்ரான்களைப் பிணைப்பது எது என்பதற்குக் கிராஃபீனில் இன்னும் விடை இல்லை. எல்லாத் திசைகளிலும் சமமான எஸ்-அலை இணைப்பு அங்கே இல்லை என்பது மட்டும் இப்போது தெளிவு.